ரெண்டு பேர் அட்டவணை

லூயிஸ்டன்,
ஜூன் 14

அன்புள்ள ஆர்லோ மாமாவுக்கு,

வில்லா எழுதுகிறேன். மலை உச்சியில், காட்டுத்தீ பார்க்கிற கோபுரத்தில், உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவுக்குப் புல் மகரந்தத் தும்மல் மட்டும் நிற்கவில்லை. போன வாரம் குளிர்பெட்டியில் இருந்த முட்டை, பால், வெண்ணெய் எல்லாவற்றுக்கும் பொம்மைக் கண் ஒட்டி வைத்தேன். காலையில் கதவைத் திறந்தவுடன் அத்தனை கண்ணும் அம்மாவைப் பார்த்தன. அம்மா அலறிக்கொண்டே தும்மினாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆலையில் நீங்கள் சேர்த்த ஓய்வுக்காலப் பணத்தை வைத்திருக்கிற கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. "பிரித்துப் படி, எனக்குச் சொல்லு" என்று நீங்களே அதிகாரம் கொடுத்திருப்பதால் படித்தேன். அந்தக் கணக்கில் இருப்பதை வரியில்லாக் கணக்குக்கு மாற்றிக்கொள்ள விருப்பமா என்று கேட்கிறார்கள். இந்த வருஷத்துக்கு வேண்டுமென்றால் டிசம்பர் 31 கடைசி நாள்.

பள்ளிக்கூடத்தில் பணப் பாடம் கட்டாயம் என்று வைத்தார்கள். நான் அந்த வகுப்பில் தூங்கவில்லை என்பதற்கு இதோ ஆதாரம். உங்கள் பழைய கணக்கு, அம்மா பழம் வைத்து அடுப்பில் சுடுகிறாளே, அந்த ஹக்கிள்பெரி பை மாதிரி. அதற்குள்ளேயே அரசாங்கத்தின் துண்டும், அதாவது வரியும், இருக்கிறது. பை வளர வளர அவர்கள் துண்டும் வளரும். அவர்களுக்குப் பசிக்கிறபோது வந்து, அன்றைக்கு என்ன விகிதம் சொல்கிறார்களோ அந்த அளவுக்கு வெட்டிக்கொள்வார்கள். புதுக் கணக்கில், பை சின்னதாக இருக்கும்போதே அவர்கள் துண்டைக் கொடுத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடலாம். அதற்குப் பிறகு வளர்வதெல்லாம் உங்களுடையது.

மாற்றுவதா வேண்டாமா? நான் வரி வரியாக எழுதிவிட்டேன். வரி கட்டப்போகிறவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள்.

இழுத்தால் அம்பு விடும்,
வில்லா


ஸ்டம்ப் மலைக் கோபுரம்,
ஜூன் 29

அன்புள்ள வில்லாவுக்கு,

முழங்கால் ஏறும்போது முனகுகிறது, இறங்கும்போது திட்டுகிறது. மற்றபடி குறையில்லை. உன் அம்மாவைத் தேன் சாப்பிடச் சொல். கண்ணெல்லாம் ஒட்டி வேடிக்கை பார்க்காதே.

பை கணக்கு புரிந்தது. பசியும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒன்று போட்டிருக்குமே, பார்த்தாயா? ஒருமுறை மாற்றினால் திருப்ப முடியாது. முன்பெல்லாம் மனசு மாறினால் பழையபடி வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததாம். இப்போது அது கிடையாது. முப்பத்தெட்டு வருஷம் காகித ஆலையில் இருந்தவன் நான். அங்கே எல்லா இயந்திரத்துக்கும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு, அழுத்தினால் நிற்கும். பொத்தான் இல்லாத காரியம் என்றால் எனக்கு உதறல். வீடு வாங்க நினைத்தபோதும் அப்படித்தான், வேறு சிலவற்றிலும் அப்படித்தான்.

இந்த வாரம் சாமான் வந்தது. கழுதைமேல் தபாலும் சாமானும் ஏற்றி வருகிற ஐயோன் வெங்காயம் ஒரு மூட்டை அதிகமாகக் கொண்டுவந்தாள். நான் கேட்கவில்லை. "போன தடவை சூப்புல வெங்காயமே இல்ல, அது சூப்பா, சுடுதண்ணியா?" என்றாள். செனட்டர் என்கிற அவளுடைய கோவேறு கழுதைக்கு லாடம் தளர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்கிற வரை இருந்து இரண்டு குவளை காப்பி குடித்தாள். அவள் சிரிக்கும்போது கழுதைகளெல்லாம் காதைத் திருப்புகின்றன.

கணக்கைப் பற்றி யோசிக்கிறேன்.

உன் மாமா,
ஆர்லோ


லூயிஸ்டன்,
ஜூலை 10

அன்புள்ள மாமாவுக்கு,

முழங்காலுக்கு என் அனுதாபம். அம்மாவுக்குத் தேன் கொடுத்தேன். இப்போது இனிப்பாகத் தும்முகிறாள்.

உங்கள் கடிதத்தைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கணக்குக்கு ஒரு தட்டு, வெங்காயத்துக்கு ஒரு தட்டு. வெங்காயத் தட்டு தரையைத் தொட்டுவிட்டது. மாமா, தபாலும் சாமானும் சுமந்து வருகிற அம்மாளைப் பற்றி நான் எதுவும் கேட்கவேயில்லையே? பெயரே "ஐயோ" என்று தொடங்குகிறது, ஜாக்கிரதை.

சிவப்புப் பொத்தான் கிடையாது, சரி. அதற்காக மொத்தத்தையும் ஒரே மூச்சில் மாற்றச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் வருமானம் வரி விகித ஏணியின் உச்சிப் படிக்குப் போய்விடும். உங்களுக்கு இப்போது அறுபத்து மூன்று. ஆலைச் சம்பளம் நின்றுவிட்டது, அரசாங்க ஓய்வூதியத்தை இன்னும் தொடவில்லை. ஆலை தருகிற சின்ன பென்ஷனும் கோபுரத்துக் கூலியும்தான் வரவு. இரண்டு மலைக்கு நடுவில் பள்ளத்தாக்கு மாதிரி சில வருஷங்கள். இதில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதுதான் சாமர்த்தியம். இந்த வருஷம் எழுபதாயிரம். அதற்கு மேல் போனால் அறுபத்தைந்தில் வாங்கப்போகிற மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் ஏறும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சனிக்கிழமை செலவானது. பில் அனுப்புகிறேன்.

வரியை அந்தக் கணக்கிலிருந்தே எடுத்துக் கட்டினால் பாதிச் சுகம் போய்விடும். வெளியிலிருந்து கட்ட வேண்டும். புது பிக்கப் வாங்க வைத்திருக்கிறீர்களே, அந்தப் பணம்தான். பழைய வண்டியில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கைக் கதவு திறக்காது, அவ்வளவுதானே? அந்தப் பக்கம் உட்கார உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

கிண்டலும் கணக்குமாக,
வில்லா


ஸ்டம்ப் மலைக் கோபுரம்,
ஜூலை 26

அன்புள்ள வில்லாவுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் இருக்கிறேன், மயிரிழையில்.

செவ்வாய்க்கிழமை பெரிய இடி மழை. கோபுரத்தில் கண்ணாடிக் கால் வைத்த ஒரு முக்காலி உண்டு. மின்னல் நெருங்கினால் அதன்மேல் ஏறிக் காலைத் தூக்கி உட்கார்ந்துகொள்ள வேண்டும். அறுபத்து மூன்று வயசில் கோழி மாதிரி அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். நீ பார்த்திருந்தால் ஜென்மத்துக்கும் விட்டிருக்கமாட்டாய். கீழே ஓடைப் பக்கம் புகை எழும்பியது. ரேடியோவில் சொன்னேன். ஆள் வந்து அணைத்துவிட்டார்கள்.

அந்தப் புகையை ஒட்டித்தான் ஐயோனின் பாதை. வராதே என்று சொல்லச் சொல்லி ரேடியோவில் கேட்டேன். வந்துவிட்டாள். முகமெல்லாம் கரி. "உனக்கு முட்டை தீந்திருக்கும்னு தெரியும்" என்றாள். ஒன்றுகூட உடையவில்லை. முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது என்னென்ன நினைத்தேன் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். முட்டைக்கு நன்றி சொன்னேன்.

கேட்க மறந்துவிட்டேன். நீ அனுப்பிய வரிப் புத்தகத்தில் தனி ஆளுக்கு ஒரு அட்டவணை, ரெண்டு பேருக்கு ஒரு அட்டவணை என்று இருக்கிறதே. ரெண்டு பேர் அட்டவணை யாருக்கு? எப்போதிலிருந்து கணக்கு? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

ஆர்லோ மாமா


(அஞ்சலட்டை. முன்பக்கம்: மீசை வரையப்பட்ட கரடிப் படம்)

லூயிஸ்டன், ஆகஸ்ட் 6

மாமா! சுகம்தானே? நாங்கள் சுகம். ரெண்டு பேர் அட்டவணை கல்யாணமானவர்களுக்கு! டிசம்பர் 31 அன்று புருஷன் பெண்டாட்டியாக இருந்தால் போதும், வருஷம் முழுக்க இருந்ததாகவே கணக்கு. வரி ஏணியின் படிகள் இரண்டு மடங்கு அகலம். உங்கள் எழுபதாயிரத்துக்குச் சுமார் நாலாயிரம் டாலர் மிச்சம்! ஒரு நல்ல கோவேறு கழுதை விலை! ஆகவே ஆள் யாராக இருந்தால் என்ன, டிசம்பருக்குள் ஒருத்தியைப் பிடியுங்கள். கழுதைக்காரம்மாவே பக்கத்தில் இருக்கிறாரே, பஸ் செலவுகூட மிச்சம். ஐயோனைக் கட்டினால் ஒரு கழுதை லாபம்!
— கல்யாணத் தரகர் வில்லா


லூயிஸ்டன்,
செப்டம்பர் 3

அன்புள்ள மாமாவுக்கு,

சௌக்கியமா? நிஜமாகவே கேட்கிறேன். ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. அம்மா வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். கோபுரத்திலிருந்து தினமும் ரேடியோ வருகிறதாம், நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களாம். அதற்குமேல் அவர்களுக்குத் தெரியவில்லை.

பேனா தொலைந்துவிட்டதா? கரடி தின்றுவிட்டதா? அட்டையில் வரைந்த மீசை உங்களுடையது மாதிரி இருந்ததில் கோபமா? ஹக்கிள்பெரி பை சுட்டிருக்கிறோம், உங்கள் துண்டை அரசாங்கத்துக்குக்கூடக் கொடுக்காமல் உறைய வைத்திருக்கிறேன்.

மாமா, ஒரு வரி போதும். அதற்கு வரி கிடையாது.

வில்லா


எல்க் சிட்டி,
செப்டம்பர் 12

வில்லாவுக்கு,

நீ நலமாக இருக்கலாம். நானும் என் கழுதைகளும் நலம்.

என்னை உனக்குத் தெரியாது. உன் மாமாவுக்குத் தபால் கொண்டுபோகிறவள். மூடின கடிதம் எதையும் நான் பிரித்ததில்லை. அஞ்சலட்டை அப்படியில்லை. அதைத் தபால் வாங்கி வைக்கிற கடைக்காரர் படித்தார், கடைக்காரர் மனைவி படித்தாள், பிறகு சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்தார்கள். நானும் படித்தேன். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மலையேறினேன்.

அன்றைக்கு உன் மாமா சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு நின்றார். அட்டையை நான் இன்னும் கொடுக்கவில்லை. மூட்டையை இறக்குவதற்குள், தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. கால் தரையில் நிற்கவில்லை என்பதை உன்னிடம் மறைப்பானேன். "எப்ப?" என்று கேட்டேன். "இந்த வருஷமே, ஐயோன். டிசம்பர் தாண்ட வேணாம்" என்றார்.

"அட்டவணையெல்லாம் பாத்தாச்சா?" என்றேன். அவருக்கு முகம் செத்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். உன் அட்டையை மேசையில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு என் தம்பி மகன்தான் அவருக்குச் சாமான் கொண்டுபோகிறான். அனுப்பத் தபால் எதுவும் அவர் அவனிடம் கொடுக்கவில்லை.

என் முதல் புருஷன் என்னைக் கட்டியது என் அப்பாவின் மேய்ச்சல் நிலத்துக்காக. அது எனக்குப் புரியப் பத்து வருஷம் ஆனது. இந்தத் தடவை அட்டையிலேயே எழுதி வந்துவிட்டதால் நேரம் மிச்சம்.

உன்னிடம் ஒரே கேள்வி. உன் மாமாவுக்கு முதலில் வந்தது நானா, அந்த நாலாயிரமா?

ஐயோன் பர்க்


லூயிஸ்டன்,
செப்டம்பர் 19

மதிப்பிற்குரிய ஐயோன் அம்மாவுக்கு,

நீங்களும் செனட்டரும் மற்றவர்களும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அம்மா எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து வெப்பமானியைத் தேடினாள், அதற்கும் நான் கண் ஒட்டி வைத்திருந்தேன். எனக்கே சிரிப்பு வரவில்லை.

"ஆள் யாராக இருந்தால் என்ன" என்று எழுதியது நான். கழுதை லாபம் என்று எழுதியதும் நான். மாமா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. மன்னித்துவிடுங்கள்.

இதோடு நிறுத்திவிட்டால் மாமாவைக் காப்பாற்றிவிடலாம். இந்தக் கடிதத்தை அப்படியும் எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். உண்மை இதுதான்: ரெண்டு பேர் அட்டவணை யாருக்கு என்று ஜூலையில் அவர்தான் என்னைக் கேட்டார். சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றார். ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அதற்கு முன்னால், ஜூனில், நான் பணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியதற்கு அவர் நீங்கள் கொண்டுவந்த வெங்காயத்தைப் பற்றிப் பதில் எழுதினார். நீங்கள் சிரித்தால் கழுதைகள் காதைத் திருப்புமாமே. அப்போது அவருக்கு எந்த அட்டவணையும் தெரியாது. நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்.

தலைகுனிந்து,
வில்லா


எல்க் சிட்டி,
அக்டோபர் 11

அன்புள்ள வில்லாவுக்கு,

மழை வந்துவிட்டது, கோபுரத்தைப் பூட்டிவிட்டு இறங்கிவிட்டேன். இப்போது என் குடிசையில் இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அம்மாவிடம் சொல்.

உன்மேல் கோபமில்லை. முதலில் இருந்தது, ஒரு வாரம். பிறகு யாரிடம் இருக்க வேண்டுமோ அங்கே போய்விட்டது.

அட்டவணையைப் பார்த்தவன் நான்தான், வில்லா. ஏன் என்று சொல்கிறேன். மின்னலில் அந்த முக்காலிமேல் உட்கார்ந்திருந்தபோது அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மழை நின்றதும் தைரியமும் நின்றுவிட்டது. வெறும் கையோடு ஒரு பெண்ணின் முன் நிற்க எனக்குத் தெரியாது. ஒரு காரணம் வேண்டியிருந்தது. சும்மா கேட்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு. உன் பதில் வருவதற்குள் வரிப் புத்தகத்தை நானே புரட்டினேன், அதில் கிடைத்தது. ஊன்றுகோல் மாதிரி பிடித்துக்கொண்டு போனேன். அவள் கண்ணுக்கு ஊன்றுகோல்தான் தெரிந்தது, நான் தெரியவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

அவளுக்கு நீ எழுதியதாகச் சொன்னாள். தபால் வாங்குகிற கடையில் பார்த்தோம். "உங்க அக்கா பொண்ணு பொய் சொல்லல" என்றாள். அவ்வளவுதான். தன் தபாலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கணக்குப் பேச்சும் இப்போதைக்கு வேண்டாம்.

ஆர்லோ


லூயிஸ்டன்,
நவம்பர் 30

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்கும் முழங்காலுக்கும் வணக்கம். நன்றிநாள் விருந்துக்கு நீங்கள் வராததால் வான்கோழி மீந்துவிட்டது. மூன்று நாளாக வான்கோழி ரொட்டி, வான்கோழி சூப், கனவிலும் வான்கோழி. உங்கள் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அசிங்கமாகச் சத்தம் போடும் காற்றுத் தலையணை எதையும் நான் அதில் வைக்கவுமில்லை. நான் எவ்வளவு மாறிவிட்டேன் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

கணக்குப் பேச வேண்டாம் என்றீர்கள். ஒரே ஒரு முறை பேசிவிட்டு வாயைத் தைத்துக்கொள்கிறேன்.

தனி ஆள் அட்டவணையில் மறுபடி போட்டுப் பார்த்தேன். அதிலும் மாற்றுவது லாபம்தான் மாமா. பின்னால் எழுபத்தைந்து வயசில் அரசாங்கமே எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும்போது கட்டுவதைவிட இப்போது கட்டுவது குறைவு. எப்படிப் போட்டாலும் அப்படித்தான் வருகிறது. அதைச் செய்ய உங்களுக்குக் கல்யாணம் தேவையில்லை. அதேபோல, கல்யாணத்துக்கு அந்தக் கணக்கும் தேவையில்லை. இரண்டையும் ஒரே அட்டையில் எழுதி முடிச்சுப் போட்டவள் நான். நானே சொல்கிறேன்: பிரித்துவிடுங்கள். கணக்கு வேறு, ஐயோன் அம்மா வேறு.

டிசம்பர் 31 கடைசி நாள் என்று இன்னொரு தடவை எழுத வந்தேன். எழுதவில்லை. மேலே இருப்பதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தைத்த வாயோடு,
வில்லா


எல்க் சிட்டி,
டிசம்பர் 30

அன்புள்ள வில்லாவுக்கு,

நீயும் அக்காவும் நலம்தானே? எனக்கு முழங்கால் வலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க இன்று நேரமில்லை.

நேற்று திங்கட்கிழமை லூயிஸ்டன் வந்திருந்தேன். உங்கள் வீட்டுக்கு வராமல் போனதற்குக் கோபித்துக்கொள்ளாதே, நேராக அந்தக் கம்பெனியின் அலுவலகத்துக்குத்தான் போனேன். அங்கே இருந்த பையன், "சார், இதைத் திருப்ப முடியாதுன்னு தெரியுமில்ல?" என்று கேட்டான். "அதுக்குத்தான் தம்பி வந்தேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எழுபதாயிரம், உன் சனிக்கிழமைக் கணக்குப்படி. வரிக்குப் புது பிக்கப் பணம். கையெழுத்துப் போடும்போது உதறவில்லை.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு இன்று காலை ஐயோனின் கொட்டகைக்குப் போனேன். செனட்டருக்குத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன காயிதம் அது?"

"படி."

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தாள். தேதியைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"டிசம்பர் இருபத்தொம்பதா? அப்ப இது இந்த வருஷக் கணக்குல சேரும்."

"சேரும். நான் தனி ஆள். தனி ஆள் அட்டவணை."

"முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு. இப்ப இந்த வருஷத்துல உன்னைக் கட்டிக்கிட்டாதான் எனக்கு லாபம். அதனால இந்த வருஷம் வேணாம். வெள்ளிக்கிழமை ஜனவரி ரெண்டு. கிரேஞ்ச்வில் கோர்ட் திறந்திருக்கும்."

அவள் கையில் இருந்த பிரஷ் நின்றுவிட்டது.

"யோவ், இன்னும் நாலு நாள் பொறுத்து இதையும் ஜனவரில பண்ணியிருந்தா?"

"நாலாயிரம் மிஞ்சியிருக்கும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"போய்த் திருப்பிக் கேளேன்யா! நாலாயிரம்!"

"திருப்ப முடியாது ஐயோன். சிவப்புப் பொத்தான் கிடையாது. அதனாலதான் பண்ணேன்."

நான் வேறு எதுவும் கொண்டுபோகவில்லை, வில்லா. முட்டைக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. முக்காலிமேல் உட்கார்ந்து நினைத்ததைச் சொன்னேன். என்ன என்று உனக்கு எழுதமாட்டேன், உன் அட்டையில் அது மறுபடி வந்துவிடும்.

அவள் திரும்பி நின்று செனட்டரைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே பளபளவென்று இருந்த இடத்தையே தேய்த்தாள். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "வெள்ளிக்கிழமை லாடம் அடிக்கிறவர் வர்றார். பதினோரு மணிக்கு மேலதான் எனக்குக் கையொழியும்."

தபாலை நம்பாமல் இதை அவள் தம்பி மகன் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஆகவே பதினொன்றரைக்கு நீயும் அக்காவும் கோர்ட் வாசலில் இருக்க வேண்டும். பழைய பிக்கப்பில்தான் வருவோம். அந்தப் பக்கக் கதவு திறக்காததால் அவள் என் பக்கமாக ஏறி நகர்ந்து உட்கார வேண்டும். ரொம்பத் தூரம் நகர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கோர்ட்டில் எதற்கும் கண் ஒட்டாதே.

உன் மாமா,
ஆர்லோ


(அஞ்சலட்டை. முன்பக்கம்: வாயைத் திறந்து பல்லைக் காட்டும் கோவேறு கழுதை)

எல்க் சிட்டி, ஜனவரி 20

வில்லா, இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவின் தும்மல் எப்படி? வேண்டுமென்றேதான் அட்டையில் எழுதுகிறேன். கடைக்காரரும் அவர் மனைவியும் இன்னும் எத்தனை பேரும் படிக்கட்டும். இந்த வருஷத்திலிருந்து எங்களுக்கு ரெண்டு பேர் அட்டவணை, நியாயமாகச் சம்பாதித்தது. உன் மாமா அடுத்த எழுபதாயிரத்தை மாற்றப்போகிறார். கணக்குப் போட நீதான் வர வேண்டும், சனிக்கிழமையாகப் பார்த்து வா. சாப்பாடு உண்டு, வெங்காயம் நிறையப் போட்டு. மிச்சமாகப்போகிற காசை நம்பி ஒரு சின்னப் பெண் கழுதைக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். ஓயாமல் சத்தம் போடுகிறது. யாரைப் பார்த்தாலும் சட்டையைப் பிடித்து இழுக்கிறது. நேற்று உன் மாமாவின் தொப்பியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நின்றது. பெயர் வைக்க நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. லூயிஸ்டனில் இருக்கிற ஒருத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தோம், முதல் தடவையே திரும்பிப் பார்த்தது.
— உன் அத்தை ஐயோன்